புளி, கருப்பட்டி, நெத்திலி: பாளையங்கோட்டை அடுப்பில் ஒரு பட் தாய்

தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். சென்ற விடுமுறைக்கு வந்தபோது, தாய்லாந்தின் லேம் சாபாங் துறைமுகத்தில் இறங்கிய நாளில் வாங்கியது என்று இரண்டு பாக்கெட் அரிசி நூடுல்ஸும் சிறிய பாட்டில் ஒன்றில் மீன் சாறும் கொண்டுவந்து கொடுத்தான். "அந்த ஊரில் கால் வைத்ததும் நான் தேடிப் போவது பட் தாயைத்தான் அக்கா. தெருவோரம் ஒரு சட்டி, அதில் ஐந்து நிமிடத்தில் கிளறித் தந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் புளிப்பு இருக்கிறதே, அது நம் வீட்டுப் புளிப்பு" என்றான். அவன் சொன்ன கடைசி வார்த்தைக்காகவே செய்து பார்த்தே தீருவது என்று இறங்கினேன். ஐந்து முறை செய்தாகிவிட்டது. எங்கே கெட்டது, எதனால் கெட்டது, எப்படிச் சரியானது என்று அடுப்படி நோட்டில் குறித்து வைத்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பட் தாய் என்றால் தாய்லாந்து முறை வதக்கல் என்று பொருள். இறால் போட்டால் கூடவே 'குங்' என்ற சொல்லும் சேர்ந்துகொள்ளும். முழுப் பெயர் குவைத்தியாவ் பட் தாய். அதில் வரும் குவைத்தியாவ் சீனர்கள் கொண்டுபோன சொல். நூடுல்ஸும் அவர்கள் வழியாக வந்ததுதான். சயாம் என்ற நாட்டுக்கு 1939-இல் தாய்லாந்து என்று பெயர் மாற்றியபோது பிரதமராக இருந்தவர் பிபுன்சொங்க்ராம். அவருடைய அரசு மக்களை நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி ஊக்கப்படுத்தியது. இந்த உணவு நாடு முழுவதும் பரவி தேசிய உணவாக நிலைத்ததில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சீனத்து நூடுல்ஸைப் புளியும் பனைவெல்லமும் மீன் சாறும் போட்டுத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எங்கள் ஆச்சி வாணலியைச் சீனச்சட்டி என்றுதான் சொல்வார். அவர் விட்டுப்போன கனத்த இரும்புச் சீனச்சட்டியில்தான் ஐந்து முறையும் செய்தேன்.

முதல் முறை முழுக்கக் கெட்டுப்போனது. கோதுமை நூடுல்ஸ் செய்து பழகிய கை. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து அரிசி நூடுல்ஸை அதில் போட்டு, வெந்ததும் வடித்து வைத்தேன். பத்து நிமிடத்தில் வடிதட்டின் அடியில் எல்லாம் ஒட்டி ஒரே பாளமாக நின்றது. பிரித்துச் சட்டியில் போட்டுக் கரண்டியால் நாலு தரம் புரட்டினேன், களியாகிவிட்டது. கோதுமையில் இழையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பசைப்புரதம் இருக்கிறது, அரிசியில் அது கிடையாது. அரிசி நூடுல்ஸில் உள்ளது பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஏறக்குறைய 70 டிகிரி சூட்டைத் தொட்டதும் அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாகத் தொடங்கும். கொதிநீரில் போட்டால் நடுப்பகுதி நனைவதற்குள் வெளிப்பக்கம் குழைந்துவிடும்.

அதனால் இரண்டாம் முறை முதல் நூடுல்ஸுக்கு அடுப்பே கிடையாது. அகன்ற பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் மூழ்க வைத்துவிடுகிறேன். பாக்கெட்டில் வந்த இழை மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நம் ஊர்த் தண்ணீரின் இயல்பான சூட்டில் அதற்கு 35 நிமிடம் பிடிக்கிறது. கடிகாரத்தை முழுதாக நம்ப வேண்டாம், விரலை நம்பலாம். ஒரு இழையை எடுத்து ஆள்காட்டி விரலில் மோதிரம் போலச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒடியாமல் சுற்றினால் ஊறிவிட்டது. அதையே கடித்தால் நடுவில் நறுக்கென்ற கடினம் தெரிய வேண்டும். அது இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காட்டைச் சட்டியில் ஊற்றும் சாறு பார்த்துக்கொள்ளும், சுவையையும் அந்த நேரத்தில்தான் இழை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு பேருக்கு 150 கிராம் உலர்ந்த நூடுல்ஸ் போதும்.

இனி சாறு. இந்த உணவின் உயிர் இதில்தான் இருக்கிறது. புளி, பனைவெல்லம், மீன் சாறு மூன்றும் ஏறக்குறைய சம அளவு. தக்காளி சாஸ் ஊற்றிச் செய்யும் முறைகளையும் பார்த்திருக்கிறேன். புளி கிடைக்காத நாட்டில் அப்படிச் செய்தால் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டுக்கு வீடு புளிப்பானை இருக்கும் ஊரில் அதற்குத் தேவையே இல்லை.

அந்தப் புளிப்பானைதான் இரண்டாம் முறையைக் கெடுத்தது. திசையன்விளையில் அம்மா வருடப் புளியைக் கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி, பானையில் அமுக்கி வைப்பது வழக்கம். வருடம் முழுவதும் பூச்சி அண்டாது. குழம்புக்குக் கரைக்கும்போது அந்த உப்பை நாம் கணக்கில் கொள்வதே இல்லை, கை தன்னால் உப்பைக் குறைத்துப் போட்டுவிடும். இங்கேயோ மீன் சாறு ஒரு பக்கம் முழு உப்பு, புளியில் இன்னொரு உப்பு. வாயில் வைக்க முடியவில்லை. மகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புளிக் கரைசலை மட்டும் தனியாக நக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. உப்பிட்ட புளியை வைத்திருப்பவர்கள் மீன் சாற்றை முதலில் பாதி அளவு மட்டும் ஊற்றி, ருசி பார்த்துக்கொண்டு மீதியைச் சேர்ப்பது நல்லது. பழைய புளி என்றால் நிறமும் கறுக்கும், புளிப்பும் தூக்கலாக நிற்கும். புதுப்புளியில் பழவாசம் இருக்கிறது. இந்த உணவுக்குப் புதுப்புளிதான் என் தேர்வு.

அடுத்தது கருப்பட்டி. தாய்லாந்தின் பெச்சபுரி பக்கம் பனைமரம் நிறைய உண்டு. நம் பனையும் அந்தப் பனையும் ஒரே இனம். அங்கேயும் பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். ஆனால் அது வெளிறிய நிறத்தில், இளகலாக, மென்மையான இனிப்போடு இருக்கும் என்று தம்பி சொன்னான். உடன்குடிக் கருப்பட்டி அப்படிப்பட்டதல்ல. கறுப்பு, கெட்டி, விறகுப் புகையின் மணம், பின்னால் ஒரு மெல்லிய கசப்பு. முழுக்க அதையே போட்டதில் இறாலின் ருசி அடங்கிப் போனது. பாதி கருப்பட்டி, பாதி சீனி என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. கருப்பட்டியைத் தட்டிக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும், அடியில் மண் தங்கும். வடிகட்டியதைச் சிறு தீயில் வைத்துப் புளிச்சாற்றையும் மீன் சாற்றையும் விட்டுக் கரண்டியின் முதுகில் படியும் பதம்வரை காய்ச்சி இறக்கினால் முடிந்தது. என் கணக்கு இரண்டு பேருக்குக் கெட்டிப் புளிச்சாறு மூன்று மேசைக்கரண்டி, கருப்பட்டியும் சீனியும் சேர்த்து இரண்டரை, மீன் சாறு இரண்டு. ஆறியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் புளிப்பு முதலில் வந்து, இனிப்பு அதைத் தாங்கி, உப்பு கடைசியில் நிற்க வேண்டும். தனியாகச் சாப்பிட முடியாத அளவுக்கு அதன் சுவை தூக்கலாக இருப்பதுதான் சரி, ஒன்றுமில்லாத வெள்ளை இழைகளுக்குள் பரவும்போது அது இறங்கிவிடும்.

இறாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் வாரம் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருகிறார். இறாலை எடுத்ததும் நான் தலையைத்தான் பார்ப்பேன். தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தொங்கினால் நேற்றையது. ஓடு சதையைவிட்டு விலகி வழுவழுவென்று இருந்தாலும், காரமான நெடி மூக்கில் ஏறினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் கடல் இறால் குறைந்துவிடும், விலையும் ஏறிவிடும். "தடைக்காலத்தில் வளர்ப்பு இறாலை வாங்கிக்கொள் தாயி. எது கடல், எது குட்டை என்று சொல்லித்தான் கொடுப்பேன்" என்று அவரே சொல்வார். அதை வைத்துச் செய்தாலும் குறையில்லை, இந்தச் சாற்றில் நன்றாகவே சேர்கிறது.

ஓடும் தலையுமாக வாங்கும் கால் கிலோ உரித்தபின் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாலை மட்டும் விட்டுவைத்து உரிக்கிறேன். முதுகில் இரண்டாவது கணுவுக்கு அடியில் ஊசியை நுழைத்து மெதுவாக நெம்பினால் கறுப்பு நூல் மாதிரி குடல் வெளியே வரும். அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் அறுபடாமல் முழுதாக வந்துவிடும், கத்தியால் முதுகைப் பிளக்க வேண்டியதில்லை. உரித்த இறாலைக் கழுவி, பழைய பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுப்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. ஈரத்தோடு போட்டால் சட்டிச் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். இறால் வறுபடாமல் அவிந்துவிடும்.

தலைகளையும் ஓடுகளையும் வீசிவிடாதீர்கள். மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் சிறு தீயில் அவற்றைப் போட்டுக் கரண்டியால் தலைகளை நசுக்கிக்கொண்டே வறுத்தால், நாலைந்து நிமிடத்தில் எண்ணெய் செம்பருத்தி நிறத்துக்கு மாறும். ஓட்டில் இருக்கும் சிவப்புச் சாயம் எண்ணெயில் கரையக்கூடியது. பச்சை இறாலில் அது புரதத்தோடு பிணைந்திருப்பதால் சாம்பல் நிறமாகத் தெரிகிறது, சூடு பட்டதும் பிணைப்பு விட்டுச் சிவப்பு வெளியே வருகிறது. அந்த எண்ணெயை வடித்துக்கொண்டு அதிலேயே மீதி எல்லாவற்றையும் வதக்கினால் இறாலின் மணம் ஒவ்வொரு இழையிலும் ஏறிவிடும். தாய்லாந்திலும் இறால் தலைக் கொழுப்பை எண்ணெயாக்கிச் சேர்க்கும் கடைகள் உண்டு. நல்லெண்ணெய் இங்கே ஒத்துவரவில்லை. அதன் வாசம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

முளைப்பயறை நானே வளர்த்தேன். நாம் சுண்டலுக்குக் கட்டும் சிறுபயற்று முளை அரை விரற்கடைதான் இருக்கும். அவர்களுடையது விரல் நீளத் தண்டாக, வெள்ளையாக, சாறு நிறைந்து இருக்கும். எட்டு மணி நேரம் ஊறிய சிறுபயறை அடியில் துளையிட்ட தகரடப்பாவில் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு, ஒரு தட்டும் அதன்மேல் அம்மிக்குழவியும் வைத்து இருட்டில் விட்டேன். ஒரு நாளைக்கு நாலு முறை தண்ணீர் ஊற்றி முழுதாக வடியவிட வேண்டும், தேங்கினால் நாறிவிடும். மேலே பாரம் இருப்பதால் தண்டு மெலிந்து ஓடாமல் தடித்து வளர்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சையேறிக் கசக்கும். நம் ஊர் வெக்கைக்கு நாலாம் நாளே தயாராகிவிட்டது. திறந்து பார்த்தபோது டப்பா முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த வெள்ளைத் தண்டுகளைப் பார்க்கப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

உப்பிட்ட முள்ளங்கி இங்கே கிடைக்காது. முள்ளங்கியைத் துருவி, உப்பும் சிறிது சீனியும் பிசிறிப் பிழிந்து ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன், வேலை முடிந்தது. பூண்டு மணமுள்ள அவர்களுடைய கீரைத்தாளுக்குப் பதில் வெங்காயத்தாளும் இரண்டு பல் பூண்டும் போட்டுக்கொண்டேன். டோஃபு கிடைத்தால் போடலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். பன்னீர் மட்டும் வேண்டாம், பால்வாசம் புளியோடு சண்டை போடும். உலர் இறாலுக்கு நம் சென்னாக்கூனி இருக்கிறது, ஒரு கைப்பிடியைச் சுத்தம் பார்த்து வெறும் சட்டியில் வறுத்து வைத்தால் போதும்.

மூன்றாம் முறை, எல்லாவற்றையும் கிண்ணம் கிண்ணமாக அடுப்பு மேடையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் தீயை மூட்டினேன். இது ஏழு நிமிட வேலை. அதற்குள் பூண்டு உரிக்கவோ மூடி திறக்கவோ நேரம் கிடையாது. இன்னொன்று, வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்பின் தீ இல்லை. நாலு பேருக்கு ஒரே தடவையில் போட்டால் சட்டி குளிர்ந்து, எல்லாம் தண்ணீர் விட்டு வெந்துபோகும். இரண்டு பேருக்கு ஒரு ஈடு, அடுத்த இரண்டு பேருக்கு மறு ஈடு என்று பிரித்துக்கொண்டேன்.

வெறும் சட்டியை நன்றாகக் காயவிட்டு, மெல்லிய புகை எழுந்ததும் இறால் எண்ணெயில் பாதியை ஊற்றி இறாலைத் தனித்தனியாகப் பரப்பினேன். ஒரு பக்கம் ஒரு நிமிடம், கிளறக் கூடாது. திருப்பிப் போட்டு அரை நிமிடம். இறால் அரிவாள் மாதிரி வளைந்து நின்றால் எடுத்துவிட வேண்டும். வாலும் தலைப்பக்கமும் தொட்டு வளையமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான். எடுத்துத் தனியே வைத்தபின் மீதி எண்ணெயில் அரிந்த சின்ன வெங்காயம் (ஆச்சி வாக்கில் உள்ளி), பூண்டு, முள்ளங்கி, கூனி எல்லாம் ஒரு நிமிடம். அடுத்து வடித்த நூடுல்ஸைப் போட்டு, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்துப் புரட்டினேன்.

இந்த இடத்தில்தான் இரண்டாம் முறை இன்னொரு தப்பும் நடந்திருந்தது. அன்று சாற்றைக் காய்ந்த சட்டியில் நேரடியாக ஊற்றிவிட்டு அதன்மேல் நூடுல்ஸைப் போட்டேன். கருப்பட்டி கண நேரத்தில் அடிப்பிடித்துக் கசந்துவிட்டது. வெல்லம் சேர்ந்த எதையும் வெறும் இரும்பின்மேல் விடக் கூடாது. முதலில் நூடுல்ஸ், அதன் ஈரம், பிறகு நூடுல்ஸின் மேலாகச் சாறு. இந்த வரிசை மாறாமல் செய்தபோது ஒரு துளிகூட அடிப்பிடிக்கவில்லை.

சாறு விழுந்ததும் முதலில் நூடுல்ஸ் விறைப்பாக, சட்டியில் குச்சிகளைப் போட்டுக் கிளறுவது போலத்தான் இருக்கும். இன்னும் தண்ணீர் ஊற்றலாமா என்று கை பரபரக்கும். பொறுக்க வேண்டும். ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் இடுக்கி, கீழிருந்து மேலாகத் தூக்கித் தூக்கி விடும்போது ஒன்றரை நிமிடத்தில் இழைகள் தளர்ந்து, வெள்ளை மறைந்து, மண்பானை நிறம் ஏறும். சட்டியின் அடியில் சலசலவென்று இருந்த சத்தம் சடசடவென்று மாறும். சாறு முழுக்க உள்ளே போய்விட்டது என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அப்போது நூடுல்ஸை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, பாதி உறைந்ததும் நூடுல்ஸை அதன்மேல் தள்ளி ஒரு புரட்டு. முளைப்பயறு, வெங்காயத்தாள், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை, எடுத்து வைத்த இறால் எல்லாவற்றையும் கொட்டி இன்னொரு புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டேன். முளைப்பயறு சூட்டில் வாடக் கூடாது, நறுக்கென்று கடிபட வேண்டும்.

தட்டின் ஓரத்தில் பச்சை முளை கொஞ்சம், வறுத்துப் பொடித்த வற்றல் மிளகாய், சீனி, புளியங்குடி எலுமிச்சையில் ஒரு துண்டு. தாய்லாந்திலும் சாப்பிடுகிறவர் தன் தட்டில் தானே சரிசெய்துகொள்ளத்தான் இவற்றை வைக்கிறார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் பேசவில்லை. சட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று மகள் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மீன் சாற்றுப் பாட்டில் அத்துடன் காலி. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் அடைத்து ஒரு வருடம் ஒன்றரை வருடம் ஊறவிட்டு வடிக்கும் சாறு அது. அதை வீட்டில் ஒரு நாளில் உண்டாக்க முடியாது. ஆனால் அதே நெத்திலி நம்மிடம் கருவாடாக இருக்கிறதே என்று நாலாம் முறைக்கு முயன்றேன். 50 கிராம் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, மணல் போக மூன்று தண்ணீர் அலசி, ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்துச் சிறு தீயில் கால் டம்ளராகும்வரை சுண்டவைத்துத் துணியில் வடித்தேன். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த சாறு தேன் நிறம். அரைத் தேக்கரண்டி சோயா சாஸ் விட்டதும் ருசியில் குறைந்திருந்த அடிக்கனம் வந்தது. பாட்டில் சாற்றின் ஆழம் இதில் இல்லை. ஆனாலும் முக்கால் பங்கு கிட்டே வந்துவிட்டது, பாட்டிலுக்காகச் செய்யாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

நூடுல்ஸும் தீர்ந்த பிறகு ஐந்தாம் முறை இடியாப்பத்தில் செய்தேன். பிழிந்த சூட்டோடு போட்டால் பொடிந்துவிடும். முதல் நாள் இரவே அவித்து, ஆறவிட்டு, மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் இழை இறுகி நிற்கிறது. அதைக் கையால் உதிர்த்து, சாற்றைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் தெளிக்காமல் இரண்டே நிமிடம் புரட்டினேன். இழை மெலிந்தது, கடிக்கச் சவ்வுத்தன்மை இல்லை, பட் தாய் என்று சொல்ல மனம் வரவில்லை. புளிச்சேவைக்கும் இறாலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆனால் அன்று வீட்டுக்கு வந்திருந்த அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இதைத்தான். சாப்பிட்டு முடித்துவிட்டு, "புளியில் உப்பு இருந்ததால் கெட்டது என்றாயே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

போன வாரம் பஸ்ஸில் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். புதுப்புளி, கொட்டை எடுத்தது, உப்புப் போடாமல் இரண்டு நாள் கூடுதலாக வெயிலில் காயவைத்தது. கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, மேலே 'நூடுல்ஸுக்கு' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.